மலைக்குப் போக நல்ல மாதம்

எங்கள் வீட்டுக்கு மோட்டார் வண்டி வந்த பிறகுதான் வருஷத்தில் எல்லா மாதங்களுமே கெட்ட மாதங்கள் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் எனக்கு மாதங்களோடு எந்தப் பகையும் இல்லை. சித்திரையில் வியர்க்கும், ஐப்பசியில் நனையும், அவ்வளவுதான்.

நான் கல்யாணமாகி மாசி வீதி வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மாமனாருக்கு நூல் கடை. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கிய அன்றே, "இதுல ஏறி எல்லாரும் கொடைக்கானல் போறோம்" என்று வீட்டில் அறிவித்துவிட்டார். வீட்டை ஒட்டித் தெருவைப் பார்த்திருந்த மாட்டுக் கொட்டகையில் பசுவை ஓர் ஓரமாக ஒதுக்கிக் கட்டி, மீதி இடத்தில் வண்டியை நிறுத்தினோம். பசுவுக்கு அது கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை.

மலைக்குப் போவது முடிவாகிவிட்டது. எந்த மாதம் போனால் பாதை நன்றாக இருக்கும், காட்சி நன்றாகத் தெரியும் என்பது மட்டும்தான் பாக்கி. அதைத் தீர்மானிக்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் கூடத்தில் ஒரு சபை கூடும். நடுவில் மாமனார். பக்கத்தில் மடியில் பஞ்சாங்கத்தோடு என் வீட்டுக்காரரின் தாய்மாமன். அவர் முன்பு ஒரு தடவை பஸ்ஸில் கொடைக்கானல் போய்வந்தவர். போகும்போது வழி முழுக்க வாந்தி, வரும்போது வழி முழுக்கத் தூக்கம். ஆனாலும் போய்வந்தவர் போய்வந்தவர்தானே, மலைப்பாதை விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். கதவோரம் டிரைவர் பாய் நிற்பார். என் வீட்டுக்காரர் யார் பேசினாலும் அவர் பக்கம் தலையாட்டுவார்.

சித்திரை என்று யாராவது வாயெடுத்தால் போதும். "சித்திரையில எங்கிட்டுப் போறது? அழகர் ஆத்துல எறங்கையில ஊருல உள்ள சொந்தமெல்லாம் நம்ம வீட்டுலதான் எறங்கும்" என்பார் மாமனார். வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும் என்பார் டிரைவர் பாய். வைகாசியில் துரைமார்கள் குடும்பத்தோடு மலையேறுவார்கள், அவர்கள் வண்டிக்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நாம் பள்ளத்தில்தான் கிடக்க வேண்டும். ஆடியில் எதையுமே தொடங்கக்கூடாது. புரட்டாசியில் சனிக்கிழமை விரதம். மற்ற கிழமையில் போகலாமே என்றால், போன இடத்தில் சனிக்கிழமை வந்துவிட்டால் என்ன செய்வது? மார்கழி பீடை. பங்குனியில் கடைக் கணக்கு முடிக்க வேண்டும். ஐப்பசியைப் பற்றி மட்டும் சபையில் விவாதமே எழவில்லை. தாய்மாமன் தொடக்கத்திலேயே அதைத் தள்ளிவிட்டார். "ஐப்பசியில மலை முழுக்க மேகம் மச்சான். முன்னால போற மாடு கூடத் தெரியாது. காசு போட்டு, பெட்ரோல் போட்டு, மேகத்தப் பாக்கவா போறோம்?"

அந்தப் பேச்சை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மாமியார் காலமான பிறகு வீட்டு நிர்வாகம் மொத்தமும் அவள் கையில்தான். சாவிக்கொத்து அவளிடம், சமையல் அவளுடையது, பசு அவள் குரலுக்குத்தான் பால் கொடுக்கும். வாசல் மட்டும் அவள் கையில் இல்லை. யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், யாரும் சொல்லாமலே தானாக உள்ளே போய்விடுவாள். கட்டியவன் போன பெண் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாதாம். அவள் சமைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் போகிற காரியம் மட்டும் எப்படி உருப்பட்டதோ, அதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி இலை போடும்போது மதினி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "மேகம் ரோட்டுல எறங்கி வருமாம்ல. மாமா சொல்றாக. நெசமாத்தான் இருக்குமா?"

"இருக்கும் மதினி."

"அப்ப கைய நீட்டினா தொடலாம்ல."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஏரியும் வேண்டாம், படகும் வேண்டாம், கையை மேகத்துக்குள் விட்டு எடுத்துவிட வேண்டும். கூடத்தில் இருந்த பெரியவர்கள் மேகமே இல்லாத மாதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவள் மேகத்துக்காகவே போக ஆசைப்பட்டாள். இந்த ஆசையை அவள் தன் அப்பாவிடமும் சொன்னாள். அவர் இல்லையென்று சொல்லவில்லை. "ஒன்னையும் கூட்டிட்டுப் போகாம இருப்பனா ஆத்தா. மொதல்ல நாங்க போயி பாதை எப்புடி இருக்குன்னு பாத்துட்டு வாரோம்" என்றார். மதினி அதையும் நம்பினாள்.

முதல் பயணத்துக்குத் தை மாதம் தேறியது. மழையில்லை, வெயிலில்லை, வானம் கழுவிவிட்டது போலிருந்தது. சகுனத்துக்குத் தாய்மாமன் முறையான ஏற்பாடு செய்தார். நல்ல சகுனம் தானாக வரும் என்று காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. ஆகையால் நான்தான் நல்ல சகுனம். விடியற்காலையில் குளித்து, பூ வைத்து, பின்சந்து வழியாகப் போய்த் தெருமுனையில் நிறைகுடத்தோடு நிற்க வேண்டும். ஹாரன் சத்தம் கேட்டதும், ஏதோ தற்செயலாக வருகிறவள் மாதிரி வண்டிக்கு எதிரே நடந்து வர வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்து, "ஆகா, நல்ல சகுனம்" என்று சொல்லிக்கொள்வார்கள். பிறகு குடத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு நானும் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். என்னைக் கூட்டிப்போனது அன்பினால் இல்லை, வழியில் சோறு போட ஆள் வேண்டுமே.

நாகமலை இடது பக்கம் கூடவே வந்தது. சமயநல்லூரைத் தாண்டியதும் ரோட்டையே காணவில்லை. அறுவடை முடிந்த கொள்ளுச் செடிகளை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் மிதித்து மிதித்து மணி உதிரட்டும் என்று தை மாதத்தில் எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான் அது. சபையில் எல்லா மாதங்களையும் அலசியவர்கள் இதை மட்டும் நினைக்கவில்லை. எங்கள் வண்டி அதில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் கொடி முழுக்கச் சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் பாய் அடியில் படுத்து அறுத்துக்கொண்டிருக்கும்போது கொள்ளுக்குச் சொந்தக்காரர் வந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் சந்தோஷமாக இருந்தார்.

"மாட்டு வண்டியவிட இது நல்லாத்தேன் மிதிக்குது. சரியானதும் இந்தப் பக்கமாவே இன்னும் ரெண்டு நட போயிட்டு வாங்கண்ணே" என்றார்.

மாமனார் வண்டியைத் திருப்பச் சொன்னார். கொள்ளுக்காரர் கேட்டுக்கொண்டபடியே மறுபடி அந்தக் கொள்ளின் மேலேதான் திரும்பி வந்தோம், வேறு வழியில்லையே.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. கிளம்பும்போது எதிரே வந்தது யார்? நான் வந்தேன். எனக்கு முன்னால்? தாய்மாமன் நெற்றியைத் தேய்த்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டார். மதினி புளியோதரைக் கூடையைக் கொடுக்கக் கூடம் வரைக்கும் வந்திருக்கிறாள். கொள்ளுக்கும் கூடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க என் நாக்கு துடித்தது. மதினி என் கையைப் பிடித்து அழுத்தினாள், அடக்கிக்கொண்டேன். "அடுத்த தடவ நான் வெளியவே வரல மாமா" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்த தடவை மாசியில். ரோட்டில் கொள்ளு இல்லை என்று ஆள் அனுப்பித் தெரிந்துகொண்ட பிறகுதான் நாள் குறித்தார்கள். அன்று காலையில் வேலைக்காரிக்கும் லீவு கொடுத்துவிட்டார்கள், அவளும் தாலியறுத்தவள். மதினி உக்கிராண அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலில்லாத அறை, அரிசி மூட்டையும் புளிப்பானையும் இருக்கிற இடம். தாய்மாமனுக்கு அதுவும் போதவில்லை. "உள்ள போயிட்டாளா? தெரியலைல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வெளியில் தாழ்ப்பாளைப் போட்டார்.

நான் தெருமுனையில் குடத்தோடு நின்றிருந்தேன். எனக்கு இது தெரியாது. ஹாரன் அடித்தது, நடந்து வந்தேன், ஏறினேன், வண்டி கிளம்பியது. போய் ஒரு நாள் தங்கி மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. சமயநல்லூர் நெருங்கும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. அது ஆறட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் பேச்சுவாக்கில் தாய்மாமன் சொன்னார். "இந்தத் தடவ சகுனத்துல ஒரு கொறையும் இல்ல மச்சான். தாழ்ப்பாளே போட்டுட்டேன்ல."

"யாரு தெறந்தா?" என்று நான் கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முதல் தடவையாகத் தலையாட்டாமல் இருந்தார். மாமனார் எழுந்து, எதிரே வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினார். நாங்களும் ஓடிப்போய் ஏறினோம். அன்று எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. ரேடியேட்டர் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அவள் மறுநாள் ராத்திரி வரை அந்த இருட்டில் தண்ணியில்லாமல் கிடந்திருப்பாள். பெரிய மனிதர்கள் நாங்கள் மேலே இருந்து காட்சி பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

தாழ்ப்பாளைத் திறந்தபோது மதினி அரிசி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டித் தட்டிக் கை வீங்கியிருந்தது. "வண்டி கெட்டுப்போனது நல்லதாப் போச்சு" என்றாள். மாமனார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபை மட்டும் நின்றுபோனது.

அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. பெட்ரோலுக்குச் சீட்டு வரப்போகிறது, சொந்த வண்டிக்கெல்லாம் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுப்பார்கள் என்று கடைவீதியில் பேச்சு. மாமனார் வண்டியை விற்றுவிட முடிவு செய்தார். விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மலைக்குப் போய்விடலாம் என்றார். தாய்மாமன் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வந்திருந்தது ஐப்பசி. ஆனால் கார்த்திகை வரைக்கும் பெட்ரோல் காத்திருக்காதே. அடைமழைக்கு நடுவில், ராகு காலம் தொடங்குவதற்குள் கிளம்ப வேண்டிய ஒரு திங்கட்கிழமையைக் கண்டுபிடித்தார்.

முந்தின நாள் சாயங்காலம் பலகாரத்தைச் சம்படத்தில் அடுக்கும்போது மதினி, "வண்டிய வித்துட்டா அப்பறம் ஒண்ணும் இல்லைல்ல" என்றாள். நான், "இல்ல மதினி" என்றேன்.

விடிந்தும் விடியாமலும் நான் தூற்றலில் தெருமுனையில் நின்றேன். குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போயிருக்கவே வேண்டாம், வானமே நிரப்பியிருக்கும். கொட்டகைக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஹாரன் சத்தம் வரவில்லை. தெரு அமைதியாக இருந்ததால் பேசுவது எனக்குக் கேட்டது.

"இது என்னத்தா கூத்து. எறங்கு, நேரமாகுது." இது தாய்மாமன்.

"எறங்கினா ஒங்க எதுக்கத்தான மாமா வந்து நிக்கணும். பரவாயில்லையா?" இது மதினி.

குடத்தை இடுப்பில் இருந்து நழுவவிடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் எல்லோரும் எழுவதற்கு முன்பே போய் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பசு ஒன்றுதான் பார்த்தது, அது யாரிடமும் சொல்லவில்லை.

"எதுக்க வந்தாத்தானப்பா சகுனம்" என்று மதினி நிதானமாகச் சொன்னாள். "நான் ஒங்களுக்குப் பின்னாலதான வாரேன். பின்னால வாறதுக்கு எதும் போட்டிருக்கா மாமா, பாத்துச் சொல்லுங்க."

தாய்மாமன் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. எதிரே வருகிற பூனைக்கு, பாம்புக்கு, எண்ணெய்க்குடத்துக்கு, ஒற்றை ஆளுக்கு எல்லாம் பலன் போட்டவர்கள், ஏற்கனவே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்ட சகுனத்துக்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அவளை இறக்கினால் எதிரே நிற்பாள். இறக்காவிட்டால் கூட வருவாள். யோசித்துக்கொண்டே நின்றால் ராகு காலம் வந்துவிடும்.

"மொதலாளி, ஏழரைக்குள்ள கெளம்பணும்னு சொன்னீக" என்றார் டிரைவர் பாய்.

பிறகு மாமனாரின் குரல். "ஹேண்டிலப் போட்டுச் சுத்துய்யா."

வண்டி வெளியே வந்தது. நான் விதிமுறைப்படி எதிரே நடந்தேன். யாரும் "ஆகா" என்று சொல்லவில்லை. பின்சீட்டிலிருந்து மதினிதான் என்னைப் பார்த்து, "வா தாயி, நல்ல சகுனம்" என்றாள்.

சமயநல்லூர் வந்ததும் தாய்மாமன் கண்ணை மூடிக்கொண்டார். என்ன கெடப்போகிறது என்று காத்திருந்தார். ஒன்றும் கெடவில்லை. வாடிப்பட்டி போயிற்று, வத்தலக்குண்டு போயிற்று, அந்த வண்டி அத்தனை தூரம் போகும் என்று அதற்கே தெரிந்திருக்காது. மலையேறத் தொடங்கினோம். வளைவு வளைவாக ஏறியபோது என் வீட்டுக்காரர் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார், தாய்மாமனின் வம்சம். பாதி மலைக்கு மேலே போனதும் மேகம் வந்து மூடியது.

சும்மா மூடவில்லை. டிரைவர் பாய்க்கு ரோட்டின் ஓரம் தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதல பாதாளம். பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டார். "யாராச்சும் எறங்கி முன்னால நடக்கணும் மொதலாளி. அவுகளப் பாத்துத்தான் நான் ஓட்ட முடியும்."

தாய்மாமனுக்குத் திடீரென்று முழங்கால் வலி. என் வீட்டுக்காரரால் நிமிரவே முடியவில்லை. மாமனார் கதவைத் திறக்கப் போனார், அதற்குள் மதினி இறங்கியிருந்தாள். "நீங்க இருங்கப்பா, வழுக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் போனாள். நாலடி வைப்பதற்குள் அவளைக் காணவில்லை. வெள்ளைச் சேலை மேகத்தோடு மேகமாகப் போய்விட்டது.

"வெள்ள தெரியல. கலரா எதாச்சும் போத்திக்கிட்டாத் தேவல" என்றார் டிரைவர் பாய்.

குளிருக்கென்று எனக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கியிருந்தார்கள், நல்ல அரக்குச் சிவப்பு. இறங்கிப் போய் அதை அவள் தோளில் போட்டேன். அவள் வேண்டாம் என்று ஒரு கையைத் தூக்கி, அப்பா இருக்கிற பக்கம் திரும்பினாள். "போத்திக்கத்தா" என்று வண்டிக்குள்ளிருந்து மாமனார் சொன்னார்.

அவள் முன்னால் நடந்தாள். வண்டி அவள் பின்னால் ஊர்ந்தது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை விரித்து, மேகத்தை அளைந்துகொண்டே போனாள். மாமனார் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தெரியிறாளா? தெரியிறாளாய்யா?" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சிவப்பு கொஞ்சம் மங்கினாலும் வண்டியை நிறுத்தச் சொன்னார். தாய்மாமன் பஞ்சாங்கத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒரு வளைவு தாண்டியதும் மேகம் விலகியது. மதினி நின்றாள். திரும்பி எங்களை நோக்கி நேரே, வண்டி விளக்கின் வெளிச்சத்தில், எதிரே நடந்து வந்தாள். முகமெல்லாம் ஈரம். நான் தாய்மாமனைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் பார்த்தார். மாமனார் கதவைத் திறந்துவிட்டு, முன்சீட்டில் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

மேலே போய் என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. மழை. ஏரி இருக்கிற திசையை ஒரு காவல்காரர் காட்டினார். மறுநாள் திரும்பினோம், அந்த வாரமே வண்டி விலை போயிற்று. பசு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதன் பிறகு கடைக்கு யார் வந்தாலும் மாமனார், "மலைக்குப் போகணும்னா ஐப்பசியில போகணும்யா. மத்த மாசமெல்லாம் வேஸ்டு" என்று சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் இருந்து தாய்மாமனும் ஆமாம் போட்டார்.

மதினி என் போர்வையைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதைப் போர்த்திக்கொண்டே பால் கறந்தாள், அதைப் போர்த்திக்கொண்டே வாசலுக்கும் வந்தாள். பங்குனி பிறந்து வெயில் கொளுத்த ஆரம்பித்த பிறகும் விடவில்லை. ஒரு நாள் தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மச்சான் இது, இந்த வேக்காட்டுல கம்பளியப் போத்திக்கிட்டு, அதுவும் செவப்புல."

மாமனார் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். மேல்துண்டு நனைந்து கிடந்தது.

"அவளுக்குக் குளிருது மாப்ள" என்றார்.